மாமல்லபுரத்துக்கு எதற்குக் கார்?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். முதல் நாலு வரியைப் படித்து "அருமை டீச்சர்" என்று எழுதிவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

விஷயம் இதுதான். பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 1996-ஆம் வருஷம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எல்லாரும் மாமல்லபுரத்தில் கூடுகிறீர்கள். குடும்பத்தோடு சேர்த்து நாற்பது பேர். ரொம்ப சந்தோஷம். அதற்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கும் திட்டத்தையும் பார்த்தேன். ஏழு பேர் உட்காரும் கார் ஆறு. வாடகை, டிரைவர் பேட்டா, சுங்கம், பார்க்கிங் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,100 ரூபாய். சாப்பாடு தனி. டீச்சருக்கு முன் சீட்.

மரியாதைக்கு நன்றி. அந்த முன் சீட் எனக்கு வேண்டாம். நான் ரயிலில் செங்கல்பட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மாமல்லபுரம் வருகிறேன். நீங்களும் அப்படியே வாருங்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

கார்த் திட்டத்தைப் போட்டது வேறு யாருமில்லை, என் தங்கை மகன்தான். உங்களோடு படித்தவன். இப்போது இத்தாலியில், மிலானில் வேலை. போன கோடையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், முட்டிவலியோடு இருக்கும் மாமியார் எல்லாரையும் அழைத்துக்கொண்டு கோமோ ஏரிக்குப் போய்வந்தான். குடும்பக் குழுவில் அறுபது போட்டோ. கீழே ஒரு வரி: "பெரியம்மா, காரே எடுக்கல. ரயில்லயே போய்ட்டு வந்துட்டோம்." எழுத்திலேயே பெருமை வழிந்தது.

எப்படிப் போனான் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டேன். முப்பது வருஷம் சமூக அறிவியல் நடத்தியவள், மேப்பைத் திறக்காமல் இருக்க முடியுமா? மிலான் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஏரிக்கரையில் வரென்னா என்று ஒரு சின்ன ஊர். ஸ்டேஷனிலிருந்து சரிவில் பத்து நிமிஷம் நடந்தால் படகுத்துறை. படகில் கால் மணி நேரம் போனால் பெல்லாஜியோ. ஏரி இரண்டு கிளையாகப் பிரிகிற முனையில் இருக்கும் ஊர். உலகமே போய் போட்டோ எடுத்துக்கொள்கிற அந்த பெல்லாஜியோவுக்கு ரயில் கிடையாது. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ரயில் பக்கத்து ஊர் வரைக்கும்தான். மிச்ச தூரத்துக்குப் படகு. ரயிலும் படகும் சேர்ந்து கொண்டுபோய் விடுவதால் மாமியாரின் முட்டிவலிகூட அங்கே ஒரு தடையாக இல்லை.

சரி, இப்போது நம் ஊர் மேப்பை எடுங்கள். மாமல்லபுரத்துக்கும் ரயில் கிடையாது. பக்கத்தில் பெரிய ஜங்ஷன் செங்கல்பட்டு. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர், திருக்கழுக்குன்றம் வழியாக. அங்கே அவன் ஏறிய படகுக்கு இங்கே பெயர் பஸ். கணக்கு ஒன்றுதான். ஆனால் இத்தாலியில் ரயில் ஏறுவது ரசனை, நாகரிகம், சுற்றுச்சூழல் அக்கறை. செங்கல்பட்டில் ரயில் ஏறினால் மட்டும் "என்ன டீச்சர், இந்த வயசுல போய் பஸ்ல அடிபட்டுக்கிட்டு" ஆகிவிடுகிறது. அது எப்படிக் கண்ணுகளா?

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். நாம் பார்க்கப்போவதே வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கும் ஊரைத்தானே, அதனால் இந்தப் பழமொழி உங்களுக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

கொஞ்சம் பழைய கதை. இந்த வழியை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை இப்போதிருக்கிற மாதிரி ஆவதற்கு முன்னால், மாமல்லபுரம் போகிறவர்களுக்குச் செங்கல்பட்டுதான் ரயிலடி. வெள்ளைக்காரன் காலத்து வழிகாட்டிப் புத்தகங்களில் இரண்டு வழி சொல்லியிருப்பார்கள். ஒன்று, மதராஸிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகு. இன்னொன்று, செங்கல்பட்டு வரை ரயிலில் வந்து, கழுக்குன்றம் வழியாக வண்டி. கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்தவர்கள் கழுக்குன்றத்து மலையையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஈ.சி.ஆர். அகலமாகி, சுங்கச் சாலையாகி, ஓட்டலும் ரிசார்ட்டும் வரிசை கட்டிய பிறகு, மாமல்லபுரம் என்றாலே கார் என்று ஆகிப்போனது. செங்கல்பட்டை எல்லாரும் மறந்துவிட்டோம்.

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாமல்லபுரம் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1984-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் வந்து உலாவிய ஊர். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடத்திய ஊர். இத்தனை பெருமை இருக்கிறது. தன் மாவட்டத் தலைநகரின் ரயில் நிலையத்திலிருந்து அந்த ஊருக்கு எப்படிப் போவது என்று மட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. குழுவில் ஒருத்தி கேட்டிருக்கிறாள், "செங்கல்பட்டுல இருந்து அங்க பஸ் இருக்கா?" என்று. பத்து வருஷம் செங்கல்பட்டிலேயே படித்தவள்!

ஆகவே பாடம் நடத்துகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குள் இருப்பவர்கள்: கடற்கரை, எழும்பூர், மாம்பலம், தாம்பரம், எது பக்கமோ அங்கே செங்கல்பட்டு மின்ரயில் ஏறுங்கள். கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர். சாதாரண வகுப்புக்கு 20 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெயில், கூட்டம் என்று சிணுங்குகிறவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து ஏ.சி. மின்ரயிலும் ஓடுகிறது. கட்டணம் கூட, ஆனால் உங்கள் 1,100 ரூபாயோடு ஒப்பிட்டால் அது சில்லறைதான். ஞாயிற்றுக்கிழமைக்குக் கால அட்டவணை வேறு. முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்கள்: அரக்கோணம் – செங்கல்பட்டு பாதை உங்கள் வாசலில் போகிறது.

திண்டிவனம், மேல்மருவத்தூர், மதுராந்தகம் பக்கம்: உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மதுராந்தகத்திலிருந்து இந்தப் பாதையில் தினமும் போய்வந்துதான் நான் வேலை பார்த்தேன். பாதி விடைத்தாள் திருத்தியது ரயிலில்தான்.

திருச்சி, மதுரையிலிருந்து வருகிறவர்கள்: செங்கல்பட்டில் நிற்கிற எக்ஸ்பிரஸாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள். எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். கோயம்புத்தூர், பெங்களூர் பிள்ளைகள் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்ரயில் பிடிக்கலாம்.

செங்கல்பட்டு நெருங்கும்போது மொபைலைக் கீழே வையுங்கள். கொளவாய் ஏரி வரும். கோமோ அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் ரயில் ஜன்னலிலிருந்து காலை வெயிலில் ஒரு ஏரியைப் பார்க்க இத்தாலி வரை போக வேண்டியதில்லை என்பதற்கு அது போதும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் பேருந்து நிலையம். திருக்கழுக்குன்றம் வழி மாமல்லபுரம் பஸ். ஒரு மணி நேரம், வழியில் கூட்டமிருந்தால் இன்னும் கொஞ்சம். நாற்பது பேரும் ஒரே பஸ்ஸில் பாய வேண்டாம், ஊர்ச்சனம் எங்கே போகும்? மூன்று குழுவாகப் பிரிந்து அடுத்தடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது, ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். எல்லா பஸ்ஸுக்கும் என்று நினைத்து நடத்துநரோடு சண்டை போடாதீர்கள். கேட்டுவிட்டு ஏறுங்கள்.

முடிந்தவர்கள் ஒரு வண்டி முன்னதாக வந்து திருக்கழுக்குன்றத்தில் இறங்குங்கள். ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறினால் வேதகிரீஸ்வரர். உச்சிவேளையில் கழுகு வந்து பொங்கல் சாப்பிட்டுப் போன மலை. இப்போது கழுகு வருவதில்லை. படி ஏற முடியாதவர்கள் சங்கு தீர்த்தக் கரையில் உட்காருங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சங்கு கிடைக்கிற குளம். ஈ.சி.ஆரில் காரில் பறக்கிறவர்களுக்கு இந்த ஊர் கண்ணிலேயே படாது.

மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் நடுவில் நிற்பீர்கள். தலசயனப் பெருமாள் கோயில், அதன் பின்னால் அர்ச்சுனன் தபசு, பக்கத்திலேயே வெண்ணெய் உருண்டை. எல்லாம் நடை. கடற்கரைக் கோயிலும் நடை. ஐந்து ரதம் மட்டும் ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், 40 ரூபாய். தபசுப் பாறைக்கு டிக்கெட்டே கிடையாது. இந்த ஊருக்குள் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஒரு இடத்தில் நிறுத்த இடம் தேடி, இறங்கி, பார்த்து, மறுபடி ஏறி, அரை கிலோமீட்டர் போய் மறுபடி நிறுத்த இடம் தேடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். பல்லவன் கல்லைக் குடைந்தது நடந்து பார்ப்பதற்கு.

இனி உங்கள் ஆட்சேபணைகள். நீங்கள் எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

"நேரம் ஆகும் டீச்சர்." ஆகும். தாம்பரத்திலிருந்து காரில் போவதைவிட ஒரு மணி நேரம் கூட ஆகலாம். முப்பது வருஷம் கழித்துச் சந்திக்கிறீர்கள். ஆறு காரில் ஏழு ஏழு பேராகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தால், அந்த நேரம் முழுக்க மற்ற முப்பத்து மூன்று பேரைப் பார்க்க மாட்டீர்கள். ரயில் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தால் சந்திப்பு தாம்பரத்திலேயே தொடங்கிவிடும். யாரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "பேச்சு கொடுக்காதீங்க" என்று சொல்ல மாட்டார்கள்.

"பெரியவர்களுக்குக் கஷ்டம்." எனக்கு 71 வயது. நான் வருகிறேன். நிஜமாகவே நடக்க முடியாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், யார் என்று எனக்கும் தெரியும். அவர்களுக்குச் செங்கல்பட்டிலிருந்து ஒரு ஆட்டோ வையுங்கள், கூட ஒருவர் போங்கள். இரண்டு பேருக்கு ஒரு ஆட்டோ வேண்டும் என்பதற்காக மற்ற முப்பத்தெட்டு பேருக்கும் கார் என்றால், அந்தப் பெரியவர்களின் பெயரைச் சொல்லி நாம் சொகுசு தேடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

"மின்ரயிலில் கழிப்பறை இல்லை." உண்மை. இல்லைதான். ஏறுவதற்கு முன்னும், செங்கல்பட்டில் இறங்கியதும் போய்க்கொள்ளுங்கள். குழந்தைகளையும் போகச் சொல்லுங்கள். பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் போன காலம் முழுக்க இதை அனுபவித்தவள். நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் சுத்தமான கழிப்பறை கேட்டு எழுதுவோம். காருக்குள் ஏறிக்கொண்டால் அந்தக் கேள்வியை யார் கேட்பது?

"பஸ் நேரத்துக்கு வருமா?" இதுதான் நியாயமான கேள்வி. இதற்குத்தான் கோபமே வருகிறது. வரென்னாவில் என் தங்கை மகன் இறங்கியபோது அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதியிருந்தது. அதை நம்பிப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்துவிட்டு, நிதானமாக நடந்து போய் ஏறினான். நாம் ரயிலை விட்டு இறங்கிய உடனே ஓடுகிறோம். அடுத்த பஸ் பத்து நிமிஷத்திலா, ஐம்பது நிமிஷத்திலா என்று தெரியாததால் ஓடுகிறோம். தூரம் நம்மைக் காருக்குத் துரத்தவில்லை. இந்தத் தெரியாமைதான் துரத்துகிறது. இதைச் சரிசெய்யப் பாலம் கட்ட வேண்டியதில்லை. ஒரு பலகையும் ஒரு பெயிண்டரும் போதும். அப்புறம் அந்தப் பலகைப்படி பஸ்ஸை விட வேண்டும்.

பெரிய காசு எங்கே போகிறது என்றும் பாருங்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் புது ரயில் பாதை, கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்த காலத்திலேயே ஒப்புதல் ஆன திட்டம். நீங்கள் காலேஜ் முடித்த கொஞ்ச வருஷத்தில் வந்தது. இப்போது உங்கள் பிள்ளைகள் காலேஜ் போகிறார்கள். நடுவில் சில வருஷங்கள் பட்ஜெட் புத்தகத்தில் அந்தத் திட்டத்துக்கு நேரே எழுதியிருந்த தொகை 1,000 ரூபாய். கோடி இல்லை, லட்சம் இல்லை. வெறும் ஆயிரம். நீங்கள் தலைக்குப் போடும் கார்ப் பங்கைவிட நூறு ரூபாய் குறைவு! திட்டம் செத்துவிடவில்லை என்று காட்டுவதற்காக அப்படி எழுதுவார்களாம். வாய்க்கரிசி போடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

அதே கடற்கரையில் சாலைக்கு? திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை 14.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 2025 மார்ச் மாநில பட்ஜெட்டில் அறிவித்த தொகை 2,100 கோடி ரூபாய். ஒன்று மத்திய அரசு, இன்னொன்று மாநில அரசு, இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது என்று கட்சிக்காரப் பிள்ளைகள் சண்டைக்கு வருவீர்கள். எனக்கு இரண்டு அரசும் ஒன்றுதான். கார் வைத்திருப்பவன் கேட்டால் காது கேட்கிறது, பஸ்ஸுக்கு நிற்கிறவன் கேட்டால் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் இதுதான் நடக்கிறது.

பஸ்ஸுக்குச் செலவு செய்யும்போதும் ரயிலை மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். கூப்பிடு தூரத்தில் தண்டவாளம். திறந்த அன்று அங்கே ஒரு ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, ஜனங்கள் ஆட்டோவுக்கு அழுதார்கள். வீட்டைக் கட்டிக் கிரகப்பிரவேசம் முடித்த பிறகு வாசல்படியைப் பற்றி யோசிக்கிற கதை. செங்கல்பட்டுக்கும் மலையடி வேண்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் வருகிறது. நல்லது, வரட்டும். ஆனால் மாமல்லபுரம் பஸ் ரயிலடியைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்கு நடந்துபோய் ஏறுகிற பஸ்ஸை, நாளைக்கு ஆட்டோ பிடித்துப் போய் ஏற வேண்டும் என்று ஆக்கிவிட்டால், மிச்சமிருக்கிற நாலு பேரும் கார் வாங்கிவிடுவார்கள்.

இதெல்லாம் பொது விஷயம். நாம் ரயிலில் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இன்னொன்று. அதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

குழுவில் கார்த் திட்டம் வந்த மறுநாளிலிருந்து நாலு பேர் "வர முடியல, வேலை இருக்கு" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தின நாள் வரை அவர்கள் வருவதாக இருந்தது. நான் நாலு பேருக்கும் போன் போட்டேன். பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். ஒருத்தி வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறாள். அவள், கணவன், இரண்டு பிள்ளைகள், நாலு பங்கு 4,400 ரூபாய், சாப்பாட்டுக்கு முன்னால். "ஒரு நாளைக்கு எப்படி டீச்சர்" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. இன்னொருவன் அரசுப் பேருந்தில் நடத்துநர். "எல்லாரும் கார்ல வர்றாங்க, நான் மட்டும் பஸ்ல வந்து இறங்கினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டான். வாழ்க்கை முழுக்க ஊரை பஸ்ஸில் ஏற்றி இறக்குகிறவன், தன் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கக் கூச்சப்படுகிறான். மற்ற இரண்டு பேரும் வேலை என்றே சொன்னார்கள். நான் துருவவில்லை.

திட்டம் போட்டவர்கள் யாரும் இதை வேண்டுமென்று செய்யவில்லை. "பணம் முடியாதவங்க சொல்லுங்க, நாங்க போட்டுக்கிறோம்" என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். நல்ல மனசு. ஆனால் ஐம்பது பேர் பார்க்கிற குழுவில் "என்னால முடியல" என்று யார் கை தூக்குவார்கள்? வகுப்பில் சத்துணவு வரிசைக்கு எழுந்து போகத் தயங்கிய பிள்ளைகள் நீங்கள். டிபன் பாக்ஸ் கொண்டுவந்தவர்கள் முன்னால் எழுந்திருக்க வெட்கம். அதனால்தான் அப்போது எல்லாரையும் ஒரே மரத்தடியில் உட்காரவைத்தேன். தட்டும் டிபன் பாக்ஸும் கலந்து கிடக்கும். யார் எதில் சாப்பிட்டார்கள் என்று இன்றைக்கு உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ரயில் பெட்டிதான் இப்போது அந்த மரத்தடி. டிக்கெட் விலை அமெரிக்காவிலிருந்து வந்தவனுக்கும் இட்லிக் கடைக்காரிக்கும் ஒன்று. உதவி வேண்டுமென்று யாரும் கேட்க வேண்டாம், உதவி செய்தேன் என்று யாரும் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். நாலு பேர் வராமல் போகிற திட்டத்தை வகுப்புச் சந்திப்பு என்று சொல்லாதீர்கள். அது கார் வைத்திருப்பவர்களின் பிக்னிக்.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணம், வளைகாப்பு என்று எது வந்தாலும் "எப்படி வர்றீங்க, கார் இருக்கா?" என்று முதல் கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். மண்டபம் பிடிக்கும்போது ரயிலடியிலிருந்து எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பத்திரிகையில் கூகுள் மேப் கட்டத்தை அச்சடிக்கிறீர்களே, அதன் கீழே எந்த பஸ் என்று ஒரு வரி போட்டால் என்ன? தனியாக இருக்கும் அத்தைகளும் சித்திகளும் "இந்தத் தடவை வரல" என்று சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்த ஒரு வரி இல்லாததுதான்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு.

ஒன்று, கார்களை ரத்து செய்யுங்கள். முன்பணம் போனால் போகட்டும், அதைத் திட்டம் போட்டவனிடம் வசூலித்துக்கொள்ளுங்கள். மிலான் சம்பளம்தானே, தாங்குவான்.

இரண்டு, மாவட்ட ஆட்சியருக்கும் ரயில்வேக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். கேட்பது ஐந்து. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குள் "மாமல்லபுரம் பஸ் இந்தப் பக்கம்" என்று மூன்று மொழியில் பலகை. பஸ் நேரப் பட்டியல் நிலையத்திலும் மாமல்லபுரத்திலும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ரயில் வருகிற நேரத்தை ஒட்டி நிலைய வாசலிலிருந்தே பஸ். ராத்திரி கடைசி பஸ்ஸில் வருகிறவர்கள் கடைசி மின்ரயிலைப் பிடிக்கிற மாதிரி நேரம். ஐந்தாவது, ஒரே டிக்கெட். 2025 செப்டம்பரில் "சென்னை ஒன்" என்ற செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் அதில் ஒரே டிக்கெட் எடுக்கலாம். அது செங்கல்பட்டு ரயிலடியோடு நிற்காமல் மாமல்லபுரம் பஸ் வரைக்கும் நீளட்டும். ஐந்தில் எதற்கும் நிலம் எடுக்க வேண்டாம், தூண் நட வேண்டாம். கடலூர் ரயில் பாதையை ஆறாவதாகச் சேர்க்கலாம் என்றால் சேர்க்கிறேன். ஆனால் அது வரும்வரை இந்த ஐந்துக்காகக் காத்திருக்க நான் தயாரில்லை.

நாற்பது பேரும் அன்றைக்கு ரயிலில் வந்து இறங்கி, செங்கல்பட்டு நடைமேடையில் நின்று அந்த மனுவில் கையெழுத்துப் போடுவோம். காரில் வந்து இறங்கி ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மனு கொடுத்தால் யாராவது மதிப்பார்களா?

நேரம்: ஞாயிறு காலை எட்டரை மணிக்குள் எல்லாரும் செங்கல்பட்டு ஸ்டேஷனில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு முதல் குழு பஸ் ஏறும். தண்ணீர் பாட்டில், தொப்பி, சில்லறை கொண்டுவாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமல்லபுரத்தில் திரும்ப பஸ். இட்லிக் கடைக்காரி வருகிறாள். காலைச் சாப்பாடு அவள் கடையிலிருந்து, நாற்பது பேருக்கு, கடை விலைக்கு. பேசி முடித்துவிட்டேன். நடத்துநர் பையனுக்கு அன்றைக்கு டியூட்டி இல்லை என்பதையும் விசாரித்துவிட்டேன். எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது எல்லாம் அவன்தான் சொல்லப்போகிறான். நாம் கேட்டு நடப்போம்.

வருகிறவர்கள் கீழே பெயரையும் ஏறும் ஸ்டேஷனையும் எழுதுங்கள். தாமதமாக வருகிறவர்கள் அடுத்த பஸ்ஸில் வரலாம். வகுப்புக்கு வெளியே நிற்கவைக்க மாட்டேன்.